கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டி விற்கும் திட்டங்கள்: நிலம் பார்ப்பது முதல் சாவி கொடுப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் சிறிய அடுக்ககங்களோ தனி வீடுகளோ கட்டி விற்க முனையும் நில உரிமையாளர்களும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் பங்குதாரர்களும், இத்தொழிலுக்குப் புதிதாக வரும் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், மனுக் கொடுக்கும் நாளில் நடப்பில் உள்ள விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1. பத்து சென்டில் ஆறு வீடு கட்டப் போகிறேன். என்ஜினீயர் இருக்கிறார், நல்ல கொத்தனாரும் இருக்கிறார். திட்ட மேலாளர் என்று தனியாக ஒருவர் எதற்கு, சார்?

ஆறு வீட்டுக்குத் தனிச் சம்பளத்தில் ஆள் வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையை யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். வடிவமைப்புக்குக் கட்டடக் கலைஞரும், உறுதிக்குக் கட்டமைப்புப் பொறியாளரும், ஆள் பலத்துக்கு ஒப்பந்ததாரரும் பொறுப்பு. காலம், பணம், முடிவு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு இவர்களில் எவருக்கும் இல்லை. எந்த முடிவை யார் எந்தத் தேதிக்குள் எடுப்பது என்று எழுதி வைப்பதும், முந்திய கட்டம் எழுத்தில் முடியாமல் அடுத்த கட்டத்தைத் தொடங்கவிடாமல் நிறுத்துவதுமே திட்ட மேலாண்மை.

உரிமையாளரே அதைச் செய்யலாம். ஆனால் அவர் வளைகுடா நாட்டில் இருக்க, தம்பி ஒன்று சொல்ல, மச்சான் வேறொன்று சொல்ல, என்ஜினீயர் மூன்றாவதாக ஒன்று சொல்லி, கொத்தனார் கடைசியாக வந்தவர் சொன்னதைக் கட்டுவது இம்மாவட்டத்தில் மிகச் சாதாரணமான நிலை. தளத்தில் உத்தரவு கொடுக்கும் வாய் ஒன்றாக இருக்க வேண்டும்; அது யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

2. முதலில் பிளான் போடணுமா, பத்திரம் பார்க்கணுமா?

முதலில் பத்திரம், பிறகு அளவை, அதற்குப் பின்னரே பிளான். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணையும் வரை இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. ஆகவே மூல ஆவணங்கள் பல மலையாளத்தில் இருக்கும். பழைய சர்வே எண், மறு சர்வே எண் என இரண்டு எண்களும் வரும். மலையாள ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் வில்லங்கச் சான்றை மட்டும் நம்பி முன்பணம் கொடுப்பது ஆபத்து. ‘விளை’ (தோட்ட நிலம்), ‘புரையிடம்’ (வீட்டு மனை) என்று பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பதும், வருவாய்த் துறைப் பதிவேட்டில் உள்ள நில வகையும் பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே பார்க்க வேண்டும்.

பத்திரம் சென்டில் இருக்கும்; பட்டா ஏரில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட். இவ்விரண்டும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம். எனவே கருவி வைத்து எல்லையை மட்டுமல்லாமல் மட்டங்களையும் அளந்து வரைபடமாக வாங்க வேண்டும். தக்கலைக்கு மேற்கே நிலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், தடுப்புச் சுவருக்கு ஆகும் செலவு இந்த மட்ட வரைபடம் இல்லாமல் தெரிய வராது. எல்லையில் அரை மீட்டர் குறைந்தால் பக்கவாட்டு இடைவெளி விதியால் ஒரு வீடே வரைபடத்திலிருந்து காணாமல் போகக்கூடும்.

3. வயல் மலிவாகக் கிடைக்கிறது. மண் அடித்து உயர்த்திக் கட்டினால் என்ன?

நஞ்சை நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கு அனுமதி வேண்டும். அதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேளாண்துறையின் கருத்தும் தேவைப்படும். அனுமதி பெறாமல் மண் அடித்த பின் ‘இது இப்போது வயல் இல்லை’ என்று வாதிடுவது பயன் தராது. அனுமதி பெறாத மனைப்பிரிவில் உள்ள மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைப்பிரிவுகளுக்கு மட்டுமே 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒத்துவராது. ஏலாவில், அதாவது வயல் தொகுதியில், ஒரு வயலை உயர்த்தினால், சானலிலிருந்து (பாசனக் கால்வாயிலிருந்து) வயல் வயலாக வடிந்துகொண்டிருந்த நீர் அடுத்தவர் நிலத்தில் தேங்கும். 2021 நவம்பர் வெள்ளத்தின்போது, நீர் போகும் வழியில் எழுப்பிய வீடுகளின் நிலையை இங்கே பலரும் நேரில் பார்த்தார்கள். மண் நிரப்பும் செலவு, ஆழமான அடித்தளச் செலவு இரண்டையும் கூட்டினால் ‘மலிவு’ பெரும்பாலும் மறைந்துவிடும்.

4. கடல் தெரிகிற இடம், இல்லையென்றால் மலையடிவாரம். இந்த இரண்டில்தான் நல்ல விலை போகும் என்கிறார்கள். அங்கே என்ன சிக்கல்?

கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை பொருந்தும். அதற்குள் எந்த வகைப்பாட்டில் நிலம் வருகிறது என்பதைப் பொறுத்தே கட்டலாமா, எவ்வளவு கட்டலாம் என்பது தீர்மானமாகும். மலைப் பக்கத்தில், பட்டியலிடப்பட்ட கிராமங்களுக்கு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் இசைவு வேண்டும். தோட்ட நிலமாக இருந்தால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; அறிவிக்கப்பட்டிருந்தால் மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ மரம் வெட்டவோ இயலாது. ரப்பர் நிற்கும் நிலம் எல்லாம் சாதாரணப் பட்டா நிலம் என்று எண்ணிவிடக் கூடாது.

சிதறால் போன்ற மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். இவை எல்லாம் நிலம் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. முன்பணம் கொடுத்த பிறகு அல்ல.

5. மண் பரிசோதனைக்கு எதற்குச் செலவு? பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடியில் அஸ்திவாரம் போட்டார், ஒன்றும் ஆகவில்லையே.

பக்கத்து வீடு இரண்டு மாடியாக இருக்கும். உங்களுடையது நான்கு மாடி. அதோடு, சரிவை வெட்டி நிரப்பிச் சமன் செய்த மனையில் ஒரு மூலையில் பாறையும் மறு மூலையில் நிரப்பு மண்ணும் இருப்பது இங்கே அரிதல்ல. ஒரு பக்கம் அசையாமல் மறுபக்கம் இறங்கும்போதுதான் சுவர் சாய்வாக விரிசல் விடுகிறது. குறைந்தது இரண்டு இடங்களில், வெட்டிய பகுதியில் ஒன்றும் நிரப்பிய பகுதியில் ஒன்றுமாகத் துளையிட்டு, அறிக்கை வந்த பின்னரே கட்டமைப்பு வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். மார்ச் மாதத்தில் துளையிட்டால் நிலத்தடி நீர் ஆழத்தில் இருப்பதாகத் தெரியும். தொட்டியையும் கழிவுநீர் அமைப்பையும் நவம்பர் மட்டத்துக்கே வடிவமைக்க வேண்டும்.

6. அப்ரூவல் பஞ்சாயத்திலா, டிடிசிபியிலா?

அளவைப் பொறுத்தது. சிறிய கட்டடங்களுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும். அதற்கு மேற்பட்டவற்றுக்கும் மனைப்பிரிவுகளுக்கும் நகர் ஊரமைப்புத் துறையின் (டிடிசிபி) ஒப்புதல் வேண்டும். 2024-இல் வந்த, உரிமையாளரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறை 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில் 3,500 சதுர அடி வரையிலான, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கானது. கட்டி விற்கும் அடுக்ககத்துக்கு அது உதவாது.

பெரிய நிலம் வைத்திருப்பவர்கள் திறந்தவெளி ஒதுக்கீட்டைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000-க்கும் 10,000-க்கும் இடைப்பட்டால் நிலமாகவோ ஈடான பணமாகவோ தரலாம். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் சேரும். அந்த அளவுத் திட்டங்கள் நம் மாவட்டத்தில் குறைவு.

7. ரெரா எல்லாம் சென்னைக்காரர்களுக்குத்தானே?

இல்லை. ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மாநிலம் முழுமைக்கும் பொருந்தும். நிலம் 500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12.36 சென்டுக்கு மேற்படாவிட்டால், அல்லது எல்லாக் கட்டங்களையும் சேர்த்து வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டால் பதிவு வேண்டியதில்லை என்பது சட்டத்தின் வாசகம். ஒன்றில் வரம்புக்குள்ளும் மற்றொன்றில் வெளியிலும் நிற்பவர்கள், தரகரின் விளக்கத்தைக் கேட்டு நடக்காமல் ரெரா ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். பதிவு செய்ய வேண்டிய திட்டத்தைப் பதிவு செய்யாமல் விட்டால் மதிப்பிட்ட திட்டச் செலவில் 10 விழுக்காடு வரை அபராதம் உண்டு.

பதிவு எண் கிடைக்கும் முன் விளம்பரமும் முன்பதிவும் கூடாது. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு ‘இரண்டு வீடு மட்டும் மீதி’ என்று எழுதுவதும் விளம்பரமே. பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கவும் கூடாது.

8. அப்ரூவல் பிளான் கையில் இருக்கிறது. அதை வைத்தே கொத்தனார் கட்டிவிட மாட்டாரா?

கட்டிவிடுவார், ஆனால் வரைபடத்தில் இல்லாத ஒவ்வொன்றையும் அவரே தீர்மானித்துக் கட்டுவார். அனுமதி வரைபடம் இடைவெளி, உயரம், பரப்பு ஆகியவை விதிக்கு உட்பட்டவை என்று காட்டுவதற்கானது. கட்டுவதற்கு வேறு தொகுதி வேண்டும்: தூண் மையக் கோடுகள், கம்பி விவரம், கதவு சன்னல் அட்டவணை, மின்புள்ளிகள், குழாய்ப் பாதை, குளியலறைத் தள இறக்கம், நீர்க்காப்பு, படிக்கட்டு வெட்டுத் தோற்றம்.

இத்தொழிலில் பணம் அதிகம் வீணாகும் இடம் எது என்று கேட்டால், இந்த வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கப்படாத இடம் என்றே சொல்வேன். குழாய்க்காரர் வந்து விட்டத்தை (பீமை) துளைப்பதும், மேல்மாடிக் குளியலறையின் கழிவுக் குழாய் கீழ்வீட்டு வரவேற்பறைக் கூரையில் தொங்குவதும், தூண் சரியாகக் கார் திரும்பும் இடத்தில் நிற்பதும் யாருடைய திறமைக் குறைவாலும் வருவன அல்ல. கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் நால்வரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஒரே வரைபடத்தின்மேல் மற்றவற்றை வைத்துப் பார்க்க யாரும் முயலாததால் வருவன. அந்த ஒருநாள் கூட்டம் நடக்காமல் அடித்தளத்துக்குக் குழி தோண்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வரைபடம் ஒவ்வொன்றிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். புதிய தாள் தளத்துக்குப் போகும் நாளில் பழைய தாளைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். மேஸ்திரியின் கையில் உள்ள படம் கைப்பேசியில் வந்த பழைய படமாக இருந்தால், அலுவலகத்தில் எத்தனை திருத்தம் செய்தும் பயன் இல்லை.

9. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால் தலைவலி இல்லையே?

தனி வீட்டுக்கு அது ஓரளவு ஒத்துவரும். பல வீடுகள் உள்ள திட்டத்தில் தடுப்புச் சுவர், தொட்டி, சுற்றுச்சுவர், மண் வேலை ஆகியன சதுர அடிக்குள் வருமா வராதா என்ற வழக்கு முதல் மாதத்திலேயே தொடங்கிவிடும். 8-ஆம் பதிலில் சொன்ன வரைபடங்கள் முழுமையாக இருந்தால், ஒவ்வொரு வேலைக்கும் அளவு எடுத்து, அளவுப் பட்டியலாக்கி, உருப்படிக்கு உருப்படி விலை வாங்கலாம். அப்போதுதான் இரண்டு ஒப்பந்ததாரர்களின் விலையை நேர்மையாக ஒப்பிடவும் முடியும்.

பணத்தை வாரக் கூலியாக அல்லாமல், அளந்து முடித்த வேலைக்கே கொடுக்க வேண்டும். கம்பியை அளப்பது எளிது: மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ. ஒப்பந்ததாரரின் ஒவ்வொரு பில் தொகையிலும் ஒரு பங்கைப் பிடித்துவைத்து, குறைகள் சரிசெய்யப்பட்ட பின் விடுவிப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் நல வரியான 1 விழுக்காட்டையும் மதிப்பீட்டில் சேர்க்க மறக்கக் கூடாது.

10. வேலையை எந்த மாதம் தொடங்கலாம், அண்ணாச்சி?

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை எந்த வாரத்திலும் வேலை நிற்கக்கூடும் என்று வைத்தே அட்டவணை போட வேண்டும். அடித்தளம், தடுப்புச் சுவர், நிலத்தடித் தொட்டி ஆகிய மண்ணுக்குக் கீழான வேலைகள் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடியுமாறு, அனுமதி வேலைகளை முந்திய ஆண்டிலேயே தொடங்குவது நல்லது. அனுமதி ஆகஸ்டில் கிடைத்தால் உடனே குழி தோண்டாமல் அளவுப் பட்டியலையும் ஒப்பந்தத்தையும் முடித்துக்கொண்டு காத்திருப்பதே பல இடங்களில் சிக்கனம்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வேறொன்றும் உண்டு. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை புதிதாகப் போட்ட தளத்தின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் உறிஞ்சி மேற்பரப்பில் மெல்லிய விரிசல்களை உண்டாக்கும். அதிகாலையில் கான்கிரீட் போட்டு, மட்டம் செய்த கையோடு மூடிவிட வேண்டும். சாரத்தின் கட்டுகளையும் கூரைத் தகடுகளையும் காற்றுக்கேற்ப வலுப்படுத்த வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலுக்குப் பின் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

11. கடற்கரையில் கட்டினால் கம்பி துருப்பிடிக்கும் என்கிறார்கள். விலை உயர்ந்த கம்பி வாங்கினால் போதுமா?

கம்பியை முதலில் காப்பது அதைச் சுற்றியுள்ள கான்கிரீட். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 456-இல் கடலோரச் சூழலுக்கு வெளிப்படும் கான்கிரீட் ‘கடுமையான’ வகையில் வருகிறது: குறைந்தது எம் 30 தரம், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடல், நீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மிகாமை. அலைத் தூறல் நேரே படும் இடத்துக்கு எம் 35, 50 மி.மீ. உள்நாட்டில் வழக்கமான எம் 20 விவரத்தையே குளச்சலுக்கும் முட்டத்துக்கும் எடுத்துப் போவது தவறு. நடைமுறையில் இதைக் கெடுப்பவை இரண்டு: கவர் பிளாக் வைக்காமல் கம்பியைப் பலகையிலேயே கிடத்துவதும், கலவை இளகட்டும் என்று தண்ணீர் சேர்ப்பதும். கான்கிரீட் போடும் நாளில் பொறியாளர் தளத்தில் நிற்க வேண்டும் என்பது இவ்விரண்டுக்காகவே.

12. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது. எத்தனை நாளில் பிரிக்கலாம்?

அதே நெறிமுறைப்படி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்தின் முட்டுகள் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். விட்டத்துக்கு (பீம்) 6 மீட்டர் நீளம் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இவை சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கான குறைந்த அளவுகள். இங்கே பெரும்பாலும் பயன்படும் சாம்பல் கலந்த சிமென்டுக்கு மேலும் சில நாள் வேண்டும். பால்கனி, சன்ஷேடு போன்ற துருத்தும் பகுதிகளைப் பொறியாளர் எழுத்தில் சொன்ன பின்னரே தொட வேண்டும்.

13. வீடு வாங்கியவர் பாதியில் சுவரை இடித்து அறையைப் பெரிதாக்கச் சொல்கிறார். பணமும் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

அவருடைய வீட்டுக்குள் சிறு மாற்றம் என்றால் செய்யலாம். ஆனால் கட்டமைப்புப் பொறியாளரின் கருத்து, கூடுதல் செலவு, கூடுதல் நாள் ஆகிய மூன்றும் எழுதி அவர் கையொப்பமிட்ட பிறகே சுத்தியல் சுவரில் பட வேண்டும். செலவை மட்டும் எழுதி நாளை விட்டுவிடுவதே வழக்கமான பிழை. பின்னர் தாமதத்துக்கு வட்டி கேட்பவரும் அவராகவே இருப்பார்.

பொதுப் பகுதியையோ முழுத் திட்ட வரைபடத்தையோ மாற்றுவதானால், ரெரா சட்டப்படி உங்களைத் தவிர்த்த வீடு வாங்கியோரில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்து இசைவு வேண்டும். மொட்டை மாடியில் பிறகு ஒரு தளம் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை முதல் ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

14. இந்தத் திட்டத்தில் வந்த பணத்தைப் போட்டு அடுத்த நிலத்தை வாங்கிவிட்டு, அங்கே விற்றதும் இங்கே போடலாமா?

பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் கூடாது. வாங்குபவர்களிடமிருந்து வரும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே, வேலை முடிந்த விகிதத்துக்கு ஏற்ப, பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகியோரின் சான்றோடு எடுக்க வேண்டும். 7-ஆம் பதிலில் சொன்ன வரம்புக்கு உட்பட்ட சிறிய திட்டத்தில் சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பதே நல்லது. இங்கே பாதியில் நிற்கும் கட்டடங்களில் பல, கட்டத் தெரியாதவர்களால் நின்றவை அல்ல. பணத்தை அடுத்த நிலத்தில் புதைத்தவர்களால் நின்றவை.

15. நிலம் என்னுடையது, கட்டுவது அவர். பாதிப் பாதி. பிரச்சினை வந்தால் அவர்தானே பொறுப்பு?

கட்டுபவரும் விற்பவரும் வேறு வேறானால் இருவருமே ஊக்குவிப்பாளர் (புரமோட்டர்) என்று ரெரா சட்டம் கருதுகிறது. எனவே உங்கள் பங்கு வீடுகளை விற்கும்போது தாமதமும் குறைபாடும் உங்களையும் தொடரும். கூட்டு ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதோடு, எந்த வீடு யாருக்கு என்பதை எண்ணிட்ட வரைபடத்தில் குறித்து இணைக்க வேண்டும். ‘பாதி’ என்ற சொல் சதுர அடியா, வீட்டு எண்ணிக்கையா, விற்பனைத் தொகையா என்பதில் முறிந்த உறவுகள் பல. பொது அதிகாரப் பத்திரத்தில் அவருடைய பங்குக்கு மட்டும் விற்கும் உரிமை கொடுங்கள்.

தனிநபர் நில உரிமையாளருக்கு, பதிவு செய்த கூட்டு ஒப்பந்தத்தில் மூலதன ஆதாய வரி பொதுவாக, கட்டடம் முடிந்ததற்கான முடிப்புச் சான்று கிடைக்கும் ஆண்டில் விழும். அதற்கு முன் தம் பங்கை விற்றுவிட்டால் கணக்கு மாறும். இதை ஒப்பந்தம் எழுதும் முன்பே கணக்காளரிடம் கேளுங்கள்.

16. வாங்கியவர் பால்காய்ச்ச நாள் குறித்துவிட்டார். முடிப்புச் சான்று அப்புறம் வரட்டும், சாவியைக் கொடுத்துவிடவா?

கொடுக்கக் கூடாது. சிறிய குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு. அந்த வரம்பைத் தாண்டிய கட்டடத்துக்கு முடிப்புச் சான்று இல்லாமல் நிரந்தர மின் இணைப்புக் கிடைப்பது கடினம். கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் குடும்பங்களைக் குடியேற்றுவது அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் தொலைபேசியை ஓயவிடாது. அனுமதி வரைபடத்திலிருந்து எங்கெங்கே விலகினீர்கள் என்பதும் இந்தச் சான்றின்போதே வெளிப்படும்.

ஜிஎஸ்டி கணக்கும் இதையொட்டியே உள்ளது: சான்றுக்கு முன் விற்ற வீட்டுக்கு 5 விழுக்காடு, நம் மாவட்டம் போன்ற பெருநகரல்லாத இடங்களில் 90 சதுர மீட்டர் கம்பளப் பரப்புக்கும் (வெளிச்சுவர் நீங்கலான உள்பரப்பு) 45 லட்சம் ரூபாய்க்கும் மிகாத வீட்டுக்கு 1 விழுக்காடு, சான்று பெற்ற பின் முதன்முறையாக விற்கும் வீட்டுக்கு இந்த வரி இல்லை.

சாவி கொடுக்கும் நாளில் வாங்குபவரோடு அறை அறையாக நடந்து குறைப்பட்டியல் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கட்டியபடியான மின், குழாய் வரைபடங்கள், நீர்க்காப்பு உத்தரவாதம், லிஃப்ட் உரிமம், மழைநீர் சேகரிப்பின் இருப்பிடக் குறிப்பு ஆகியவற்றைக் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். அன்றிலிருந்து 5 ஆண்டுகளுக்குக் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவிக்கப்பட்டால் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்வது உங்கள் கடமை. ஆகவே 9-ஆம் பதிலில் சொன்ன பிடித்தத் தொகையை ஒப்பந்ததாரருக்கு முழுவதும் விடுவிக்கும் முன், குறைந்தது ஒரு தென்மேற்கும் ஒரு வடகிழக்கும் அந்தக் கூரைமேல் பெய்து முடியட்டும்.